அண்டி எண்ணெய் சென்ற தூரம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் பயணம் செய்த நேயர்களுக்கு அந்த நெடுஞ்சாலை நன்கு நினைவிருக்கும். கரமனையாற்றைக் கடந்தால் பாப்பனங்கோடு, அதற்கடுத்து நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, பிறகு களியக்காவிளை. பாலராமபுரத்தில் இறங்கிக் கடற்பக்கமாகத் திரும்பினால், விழிஞ்ஞத்துக்கு அண்மையில் கோட்டுகால் என்னும் ஊர் இருக்கிறது. கொல்லம் மாவட்டத்தில் குடைவரைக் கோயில் அமைந்த கோட்டுக்கல் வேறு; பெயரொற்றுமை கண்டு மயங்க வேண்டா. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. கோட்டுகாலும் அதனோடு நின்றது. எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் தென்னையும் மரச்சீனியும் கொல்லாமரமும் முன்போலவே இருக்கின்றன. பேச்சிலும் தமிழும் மலையாளமும் முன்போலவே கலந்து வருகின்றன.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்தக் கொல்லாமரத்தின் கொட்டையிலிருந்து தொடங்குகிறது. பிற மாவட்டத்தார் முந்திரி என்பதை இப்பகுதியினர் அண்டி என்பர். பிரேசில் நாட்டுக்குரிய இம்மரத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். மணற்பாங்கான மேட்டு நிலங்களில் மண் அரிக்காமற் காக்கும் மரமாகவே அது நெடுங்காலம் மதிக்கப்பெற்றது. கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுத்துக் கப்பலேற்றும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொல்லத்தில் வேரூன்றி, தெற்கே பரவி, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் வரை வந்தது. தொழிற்சாலை என்று ஏட்டில் எழுதினாலும் ஊரார் அதனை அண்டியாபீஸ் என்றே அழைப்பர். அங்கே வேலை செய்வோர் பெரும்பாலும் பெண்கள்.

வறுத்த கொட்டையைக் கல்லின்மேல் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, பருப்பு முறியாமல் ஓட்டை மட்டும் பிளப்பது எளிய வேலையன்று. அந்த ஓட்டினுள்ளே தேன்கூட்டின் அறைகள் போன்ற நுண்ணிய துளைகளில் கருஞ்சிவப்பான எண்ணெய் தங்கியிருக்கிறது. அது தோலிற் பட்டால் வெந்து கொப்புளிக்கும். பின்னர்த் தோல் கறுத்து உரியும். அதனைத் தடுக்கப் பெண்கள் சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ விரல்களிற் பூசிக்கொண்டு அமர்வர். வாரக் கூலி வாங்கும்பொழுது நீட்டிய கையைக் கண்டே இவள் அண்டியாபீஸுக்குப் போகிறவள் என்று சொல்லிவிடலாம். சிறுவயதில் என் பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தி எனக்குச் சோறு பிசைந்து தரமாட்டாள்; தன் விரலைப் பார்த்தால் குழந்தை உண்ணாது என்பாள். அந்தக் கையை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேட்குமாறு வேண்டுகிறேன்.

அந்த எண்ணெயின் இயல்பை இரசாயன அறிஞர் பலகாலும் ஆராய்ந்திருக்கின்றனர். அதில் முதன்மையானது அனகார்டிக் அமிலம். சூடேற்றினால் அது கரியமில வாயுவை விட்டுக் கார்டனால் என்னும் பொருளாக மாறுகிறது. கார்டனாலின் வடிவத்தைத் தலைப்பிரட்டைக்கு ஒப்பிடலாம். தலையாக இருப்பது பீனால் வளையம். வாலாக நீள்வது பதினைந்து கரியணுக்கள் கொண்ட சங்கிலி. சில வால்கள் நேரானவை. சிலவற்றில் ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு அமைந்து சற்றே வளைந்திருக்கும். வேறு சிலவற்றில் இரண்டு அல்லது மூன்று வளைவுகள் உண்டு. இயற்கை தரும் எண்ணெயில் இவை யாவும் கலந்தே கிடைக்கின்றன. நம் சலவைத் தொழிலாளர் துணியிற் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சேராங்கொட்டையின் சாறு தோலைப் புண்ணாக்குவதும், மாங்காய்ப் பால் உதட்டை வேகவைப்பதும் இந்த உறவினால்தான். எண்ணெயின் எரிச்சலுக்கு அஞ்சாத மீனவர் அதனைத் தோணிகளிற் பூசினர். தொழிலுலகம் மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டைகளுக்கும் வார்னிஷுக்கும் அதனை வாங்கிக்கொண்டது. அதற்கு மேல் அதற்கொரு மதிப்பு உண்டு என்று நெடுங்காலம் எவரும் எண்ணவில்லை.

இனி, அந்த மதிப்பைக் காட்டிய விஞ்ஞானப் பிரிவைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலத்தில் சுப்ராமாலிகுலர் கெமிஸ்ட்ரி என்று வழங்கும் இதனை மீமூலக்கூற்று இரசாயனம் என்று நாம் சொல்லலாம். பழைய இரசாயனம் அணுவும் அணுவும் உறுதியாகப் பிணைந்து மூலக்கூறாவதை ஆராய்ந்தது. இப்புதிய துறை, முழுமைபெற்ற மூலக்கூறுகள் தம் உருக் கெடாமலேயே ஒன்றையொன்று அடையாளங்கண்டு, அணைந்து, பெரிய அமைப்புகளாகத் திரள்வதை ஆராய்கிறது. அங்கே செயற்படும் கவர்ச்சிகள் மிக மெல்லியவை. ஐதரசன் பிணைப்பு என்பது அவற்றுள் ஒன்று. அணுக்களை இணைக்கும் உறுதியான பிணைப்போடு ஒப்பிட்டால் அதன் வலிமை பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இராது.

மெல்லிய கவர்ச்சியால் உறுதியான உருவம் எவ்வாறு அமையும் என்று கேட்பவர்கள், கோட்டுகாலுக்குச் செல்லும் வழியிலுள்ள பாலராமபுரத்தில் ஒரு தறியைப் பார்த்தால் போதும். திருவிதாங்கூரைப் பாலராமவர்மா மன்னர் ஆண்ட காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து நெசவுக் குடும்பங்களை அழைத்துவந்து அங்கே குடியமர்த்தினர். அவர்கள் வழித்தோன்றல்கள் நெய்யும் வேட்டியிற் பாவையும் ஊடையையும் ஒட்டவைக்கப் பசையில்லை, தையலும் இல்லை. ஒரு நூல் மற்றொன்றின் மேலும் கீழுமாகச் செல்வது ஒன்றே அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரு குறுக்கீட்டைத் தனியே எடுத்தால் அது ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான குறுக்கீடுகள் சேர்ந்தால் ஒருவர் வாழ்நாளின் நல்ல நாள்களுக்கெல்லாம் உடுத்தும் துணியாகிறது. மூலக்கூறுகளின் நெசவும் ஏறத்தாழ இத்தகையதே. வேறுபாடு, அங்கே நெசவாளன் இல்லை. நூல்கள் தாமே தம் இடத்தைத் தேடிக்கொள்கின்றன.

இக்கருத்தின் வேர் பழமையானது. நொதியும் அது செயற்படும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் எமில் பிஷர் 1894இல் எழுதினார். நம் சென்னையிலேயே 1954இல் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தில் மூன்று சுருள் சங்கிலிகள் ஒன்றுசேர்ந்து ஐதரசன் பிணைப்புகளால் நிற்கின்றன என்று காட்டினர். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இருந்தது அந்த ஆராய்ச்சிக்கு உதவியாக வாய்த்தது. அக்காலத்தில் மீமூலக்கூற்று இரசாயனம் என்ற பெயர் வழக்கில் வரவில்லை.

பெயர் வந்த கதையில் ஒரு வேடிக்கையுண்டு. 1904இல் கொரியாவின் பூசான் நகரில் நார்வே நாட்டுத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த சார்ல்ஸ் பெடர்சன், அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் வேலை பார்த்தார். தாம் நாடிய பொருளோடு கலந்து வந்த சிறிதளவு வேண்டாத பொருளை வீசியெறியாமல் அவர் ஆராய்ந்தார். வளைய வடிவான அம்மூலக்கூறு, பொட்டாசியம் அயனியைத் தலையில் மகுடம் சூட்டினாற்போல அணைத்துக்கொள்வதைக் கண்டு, 1967இல் வெளியிட்டார். அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை! 1987இல் நோபெல் பரிசு அவருக்கும், டொனால்ட் கிராமுக்கும், பிரான்சு நாட்டு ழான்-மரி லேனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மீமூலக்கூற்று இரசாயனம் என்ற பெயரை 1978இல் நிலைநாட்டியவர் லேன். அவர் 1963இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் டாக்டர் பட்டம் பெற்றபின் ஓராண்டு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்று, ராபர்ட் உட்வர்டிடம் பி-12 வைட்டமினைச் செயற்கையாக ஆக்கும் பெருமுயற்சியில் பங்குகொண்டார். பிறகு தம் ஊருக்கு மீண்டு, தமக்கெனப் புதிய வழி கண்டார்.

லேன் ஹார்வர்டில் கழித்த அந்த ஓராண்டையே டாக்டர் பட்டத்துக்குப் பிற்பட்ட ஆராய்ச்சிக் காலம் என்கிறோம். அதற்குரிய உபகாரச் சம்பளங்கள் அமெரிக்காவில் 1919இலேயே ராக்பெல்லர் நிதியுதவியோடு இரசாயன, பௌதிக அறிஞர்களுக்கென ஒழுங்காக ஏற்பட்டன. ஜெர்மனியில் ஹம்போல்ட் நிறுவனம் 1953இல் புதுப்பிக்கப்பட்டு அயல்நாட்டு இளைஞரை வரவேற்றது. இக்காலத்தில் இருப்பவர் மாணவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். நாகஸ்வரக் கச்சேரியில் இரண்டாம் நாயனம் வாசிப்பவரின் நிலைமைக்கு இதனை ஒப்பிடலாம். பாடம் முடிந்துவிட்டது; அரங்கேற்றமும் ஆகிவிட்டது; ஆயினும் பெரிய வித்துவானின் பக்கத்தில் நின்று, அவர் விட்ட இடத்தில் எடுத்து வாசித்தாக வேண்டும். அங்கே கற்பது ஏட்டில் இல்லை.

கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும் வாழ்வதற்கு இக்காலம் கடினமானது. நியமனம் பெரும்பாலும் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ மட்டுமே. அதன்பின் நீடிக்கலாம், நீடிக்காமலும் போகலாம். வயதோ முப்பதை ஒட்டியிருக்கும். ஊரில் பெற்றோர், "படிப்பு முடிந்துவிட்டது என்றாயே, வேலை எப்பொழுது?" என்று வினவுவர். கல்யாணப் பேச்செடுக்கும் தரகருக்கும் இந்த உத்தியோகத்தின் பெயரை விளக்க இயலாது. பிறந்த மண்ணைவிட்டு வேறு மாநிலங்களிற் பிழைப்பைத் தேடிய நம் நேயர்களுக்கு இவ்வகை இருப்பைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அரசாங்கமும் இதனை அறியாமல் இல்லை. வெளிநாட்டிலிருந்து மீளும் விஞ்ஞானிகள் நிலையான வேலை கிட்டும்வரை சம்பளம் பெற்று ஆராய்ச்சி செய்யட்டும் என்று 1958இல் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் விஞ்ஞானிகள் தொகுப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. கணிதமேதை ராமானுஜன் பெயரால் அமைந்த உபகாரச் சம்பளம் பிற்காலத்தில் அதே நோக்கத்தோடு வந்தது. இவற்றால் மீண்டவர் பலர். மீளாதவர் அதனினும் பலர் என்பது என் எண்ணம்.

இப்பொழுது மறுபடியும் நம் நெடுஞ்சாலைக்கு வருவோம். பாப்பனங்கோட்டில் 1975ஆம் ஆண்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் ஒன்று தோன்றியது. 1978இல் அது வட்டார ஆராய்ச்சிச் சாலை என்னும் பெயரையும், 2007இல் தேசிய பல்துறை விஞ்ஞான, தொழில்நுட்ப நிறுவனம் என்னும் இன்றைய பெயரையும் பெற்றது. வட்டாரம் என்ற சொல்லுக்கு ஏற்ப, அது தென்னை, நறுமணப் பொருள், களிமண், கடற்கரை மணலின் கனிமம் ஆகிய உள்ளூர்ச் செல்வங்களையே முதலில் ஆராயத் தொடங்கியது. அண்டி எண்ணெயும் அந்த வரிசையில் இருந்தது. சி. கே. எஸ். பிள்ளை என்பவரின் குழுவினர் கார்டனாலைக் கொண்டு பலவகைப் பாலிமர்களைச் செய்தனர். அவரிடம் பயின்ற ஜார்ஜ் ஜான் என்னும் இளைஞர் கார்டனாலிலிருந்து தானே குறுக்குப் பிணைப்புக் கொள்ளும் பாலிமர் மணிகளை ஆக்கி, 1990களின் தொடக்கத்தில் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார்.

டாக்டர் பட்டம் பெற்றபின் அவர் அயல்நாடு சென்றார். ஜப்பானில் ட்சுகுபா என்பது ஆராய்ச்சிக்கெனவே திட்டமிட்டு அமைத்த நகரம். அங்கே தோஷிமி ஷிமிசு என்னும் அறிஞர், நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட மூலக்கூறுகள் தாமே குழலாகச் சுருளும் விந்தையை ஆராய்ந்து வந்தார். அவரோடு ஜார்ஜ் ஜான் சேர்ந்தார். அயல்நாட்டுக்குச் செல்லும் ஆராய்ச்சியாளர் பலர் அங்குள்ள ஆசிரியர் தரும் வேலையை எடுத்துச் செய்வதோடு அமைவர். இவர் தாம் ஊரிற் பழகிய பொருளையும் மறக்கவில்லை. நீரை வெறுக்கும் வால் கார்டனாலில் முன்பே இருக்கிறது. நீரை விரும்பும் தலைதான் வேண்டும். அதற்கு ஒரு குளுக்கோஸ் சர்க்கரையைப் பீனால் வளையத்தில் இணைத்தனர். அண்டி ஓட்டின் நஞ்சும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் புதுப்பொருளைக் கொதிநீரிற் கரைத்து மெல்ல ஆறவிட்டனர்.

விளைந்தது என்ன? முதலில் நுண்ணிய இழைகள் தோன்றின. அவை தாழைமடலைச் சுருட்டினாற்போலச் சுருண்டன. நேரம் செல்லச்செல்லச் சுருளின் விளிம்புகள் நெருங்கி, இடைவெளி மூடி, உள்ளீடற்ற குழல்கள் ஆயின. குழலின் உட்புற விட்டம் பத்துப் பதினைந்து நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றன் பருமனில் இத்தகைய குழல்கள் ஆயிரத்துக்கு மேல் அடுக்கலாம். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பிலேயே, மீண்டும் விளையக்கூடிய மூலப்பொருளிலிருந்து பெற்ற குழல்கள் என்று அழுத்திச் சொல்லியிருந்தனர். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் பெட்ரோலியம் ஒருநாள் தீரும். கொல்லாமரம் ஆண்டுதோறும் காய்க்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று நின்று நோக்குவோம். அண்டி எண்ணெயில் நேர்வாலும் வளைந்த வாலும் கலந்து கிடைக்கின்றன என்று முன்பு சொன்னேன். தூய்மையை நாடும் இரசாயனிக்கு அது ஒரு தொல்லை. ஷிமிசுவின் குழுவினர் 2002இல் அவ்வகைகளைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றையும் தனியே சோதித்தனர். வாலில் எத்தனை வளைவு உள்ளதோ அதைப் பொறுத்துத் திரளும் உருவம் மாறியது. ஒன்று முறுக்கிய நாரானது, மற்றொன்று சுருண்ட பட்டையானது, வேறொன்று குழலானது. வாலில் ஒரே ஒரு வளைவு கூடுவதால் ஓர் உலகமே மாறுகிறது. நேர்வால் மிகச் சிறு பங்கே கிடைக்கும் ஓர் எண்ணெயைக் கையில் எடுத்திராவிட்டால் இந்த வினாவே எழுந்திருக்குமோ என்பது ஐயம். தொல்லை என்று ஒதுக்கிய கலப்படமே வழிகாட்டியாயிற்று. பெடர்சன் கதையிலும் இதுவே நிகழ்ந்தது.

பாப்பனங்கோட்டுச் சாலையில் இதே காலத்தில் வேறோர் அறையிலும் இத்துறை முளைத்தது. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய எம். வி. ஜார்ஜ் என்னும் மூத்த இரசாயனி 1980களின் இறுதியில் அங்கு வந்து, ஒளி இரசாயனப் பிரிவை நிறுவினார். ஓய்வுபெறும் வயதில் புதிய பிரிவு தொடங்கியது எளிய செயலன்று. அப்பிரிவில் வளர்ந்த ஏ. அஜயகோஷ், ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் ஜெர்மனியின் மூல்ஹைம் நகருக்கு ஹம்போல்ட் உபகாரச் சம்பளத்தில் சென்று 1990களின் நடுவில் திரும்பினார். 2001ஆம் ஆண்டில் அவரும் அவர் மாணவர் சுபி ஜார்ஜும் ஒளிவிடும் நீண்ட மூலக்கூறுகள் கரைப்பானில் வலைபோலப் பின்னி, அக்கரைப்பானை ஆடை கட்டிய பால்போல உறையவைப்பதை வெளியிட்டனர். குப்பியைக் கவிழ்த்தால் ஒழுகாது, சூடாக்கினால் உருகும், ஆறினால் மீண்டும் உறையும். அதனுள்ளே மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதால் ஒளியின் ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. சூரிய ஒளியை வாங்கும் கருவிகளுக்கும், நுண்ணுணர்வு கொண்ட கண்டறியும் சாதனங்களுக்கும் இது பயன்படும் என்று கண்டனர். அஜயகோஷுக்கு 2007இல் பட்நாகர் பரிசு கிடைத்தது. சுபி ஜார்ஜ் ஹாலந்தின் ஐந்தோவன் நகரில் மெய்யர் என்னும் புகழ்பெற்ற அறிஞரிடம் பட்டத்துக்குப் பிற்பட்ட ஆராய்ச்சி செய்து, பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் ஆசிரியரானார். 2020ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசைப் பெற்றோரில் அவரும் ஒருவர்.

சென்னையிற் படித்தவர் ஒருவரின் பாதையையும் இங்கே குறிப்பிட வேண்டும். வி. ராமமூர்த்தி ஹவாய்த் தீவில் டாக்டர் பட்டம் பெற்று, கனடாவில் பால் டி மேயோவிடமும், நியூயார்க்கில் நிக்கலஸ் டுரோவிடமும் இரண்டாம் நாயனம் வாசித்து, 1978இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்தார். மூலக்கூறுகளைச் சைக்ளோடெக்ஸ்டிரின் என்னும் சர்க்கரைக் கிண்ணத்துக்குள்ளும் படிகத்துக்குள்ளும் அடைத்து, அங்கே ஒளியைப் பாய்ச்சினால் வெளியில் நிகழாத மாற்றம் நிகழ்வதை அவரும் கே. வெங்கடேசனும் ஆராய்ந்தனர். இடமே விளைவைத் தீர்மானிக்கிறது என்பது அவ்வாராய்ச்சியின் சாரம். 1987இல் அவர் பெங்களூரைவிட்டு அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனிக்குச் சென்றார்; பெடர்சன் பணியாற்றிய அதே கம்பெனி. பிறகு அங்குள்ள பல்கலைக் கழகங்களில் ஆசிரியராகிவிட்டார். இவரைப் போன்றோர் அங்கேயே தங்கியதைக் குறையாகச் சொல்வோரும் உண்டு. பெங்களூரில் அவர் கழித்த ஒன்பது ஆண்டுகளில் பயின்ற மாணவரை எண்ணிப் பார்க்காமல் அவ்வாறு சொல்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஜார்ஜ் ஜானும் ஊருக்கு மீளவில்லை. அவர் நியூயார்க்கு நகரின் சிட்டி காலேஜில் ஆசிரியரானார். அங்கே பட்டத்துக்குப் பிற்பட்ட ஆராய்ச்சிக்கென இந்தியாவிலிருந்து ஓர் இளைஞர் வந்துசேர்ந்தார். பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பயின்ற பிரவீண் வெமுலா என்பவர் அவர். முன்பு தாம் ஜப்பானில் நின்ற இடத்தில் இப்பொழுது இன்னொருவர் தம் முன்னே நிற்பதை ஜார்ஜ் ஜான் கண்டிருப்பார். இருவரும் பழக்கொட்டைகளிற் கிடைக்கும் அமிக்டலின் என்னும் பொருளிலிருந்து நீர்க்கூழ் ஒன்று செய்து, அதற்குள் நம் மஞ்சளின் குர்க்குமினை அடைத்தனர். நொதி பட்டால் கூழ் குலைந்து குர்க்குமின் வெளிவரும். 2006இல் அது வெளியாயிற்று. 2008இல் வேறு இருவரோடு சேர்ந்து, தாவர எண்ணெய்ப் பெயிண்டுக்குள்ளேயே வெள்ளி நுண்துகள்களை விளைவித்து, கிருமிகளைக் கொல்லும் பெயிண்டை ஆக்கினர்.

வெமுலா பாஸ்டன் நகரிலும் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தபின் இந்தியாவுக்குத் திரும்பி, பெங்களூரில் இன்ஸ்டெம் என்று சுருக்கமாக வழங்கும் ஸ்டெம்செல் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வினா தோலைப் பற்றியது. வயலிற் பூச்சிமருந்து தெளிக்கும் உழவரின் தோல் வழியே அந்நஞ்சு உட்புகுந்து, நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு நொதியை முடக்குகிறது. கையுறையும் முகமூடியும் நம் வெயிலில் எவரும் அணிந்து நிற்பதில்லை. இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானில் நஞ்சைச் சிதைக்கும் மூலக்கூறுகளை இணைத்து, கையில் தடவிக்கொள்ளும் களிம்பொன்றை அவர் குழுவினர் செய்தனர். எலிகளிடம் சோதித்ததில் நஞ்சு தோலுக்கு மேலேயே சிதைந்தது. 2018இல் இது வெளியாயிற்று. அடுத்து, அதே செயலைத் துணியிற் பொதிந்து, துவைத்துத் துவைத்துப் பலமுறை உடுத்தக்கூடிய உடையாக ஆக்கினர். கிசான் கவச் என்ற பெயரில் அவ்வுடை 2024 டிசம்பரில் வெளியிடப்பட்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது மீமூலக்கூற்று இரசாயனத்தின் எல்லைக்குள் முழுமையாக அடங்காது. ஆயினும் கூழையும் களிம்பையும் எளிய மூலப்பொருளிலிருந்து செய்யும் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம்: பெங்களூருக்கு முன் பாஸ்டன், அதற்கு முன் நியூயார்க்கு, அதற்கு முன் ட்சுகுபா, எல்லாவற்றுக்கும் முன் பாப்பனங்கோடு.

பாப்பனங்கோட்டிலிருந்து அதே சாலையில் தெற்கே சிறிது தூரம் வந்தால், அண்டி உடைக்கும் பெண்கள் இன்றும் விரலில் ஏதேனும் பூசிக்கொண்டுதான் வேலைக்கு அமர்கின்றனர். இயந்திரம் வந்த ஆபீஸ்களிற் கைவேலை சற்றுக் குறைந்திருக்கிறது. வராத இடங்களிற் குறையவில்லை. உழவருக்கென ஆக்கிய அந்தக் களிம்பு பூச்சிமருந்தைச் சிதைக்கும். அண்டி எண்ணெயின் இரசாயனம் வேறாதலின் அது இவர்களுக்கு உதவாது. இவர்களுக்குரிய களிம்பு வேறு வகையில் அமைய வேண்டும். அந்த எண்ணெயின் தலையும் வாலும், அது எதனோடு சேர்ந்தால் சாந்தமாகும் என்பதும், அதன் வாலில் ஒரு வளைவு கூடினால் என்ன நிகழும் என்பதும் ட்சுகுபாவிலும் நியூயார்க்கிலும் பாப்பனங்கோட்டிலும் ஆராய்ச்சி ஏடுகளில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. என் பக்கத்து வீட்டு அத்தையின் பேத்தி இப்பொழுது இரசாயனத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். சென்ற விடுமுறையில் அவளைக் கண்டபொழுது, மேலே என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். டாக்டர் பட்டம், அதன்பின் எங்கேனும் இரண்டாண்டு என்றாள். எதைப் பற்றி என்றேன். பாட்டியின் கையைப் பற்றி என்றாள்.